எடுத்து வைத்த தாய்ப்பால்: நேரமும் பெயரும் எழுதி வைப்போம்

பிள்ளை பெற்ற பெண் வேலைக்குத் திரும்பும் நாள் நெருங்கினால் வீட்டில் ஒரு பேச்சு தொடங்கும். "இப்போதிருந்தே பவுடர் பால் பழக்கிவிடும்மா" என்பார் மாமியார். "பாலை எடுத்து ஃபிரிட்ஜில் வச்சிட்டுப் போறேன் மாமி, நீங்க புகட்டுங்க" என்பார் மருமகள். "ஃபிரிட்ஜில் வைத்த பழைய பாலையா பிள்ளைக்குக் கொடுப்பது?" என்று முகம் சுளிப்பவர்களும் இருப்பார்கள். இந்தப் பேச்சு அங்கே முடியாமல் சில நேரம் ஆலிம்களிடமும் வந்து சேர்கிறது. எடுத்து வைத்த பாலைக் கொடுப்பது கூடுமா? பால் எடுத்தால் உளூ முறியுமா? மதினியின் பால் பாட்டிலும் என் பால் பாட்டிலும் மாறிவிட்டன, என்ன செய்வது?

முதல் கேள்விக்குப் பதில் எளிது: கூடும், தடையேதும் இல்லை. ஆனால் எடுத்து வைத்த பாலில் கவனிக்க வேண்டிய விஷயங்கள் இரண்டு. ஒன்று கிருமி. மற்றொன்று யாருடைய பால் என்ற குழப்பம். முதலாவது பிள்ளையின் உடலைப் பாதிக்கும். இரண்டாவது இருபது வருடம் கழித்து நிக்காஹ் பேச்சில் வந்து நிற்கும். இரண்டையும் தடுக்கத் தேவைப்படுவது பாட்டிலின் மேல் ஒட்டும் ஒரு சிறு துண்டுத் தாள்தான். அதில் தாயின் பெயரும் பிள்ளையின் பெயரும், பால் எடுத்த தேதியும் நேரமும் இருக்க வேண்டும்.

பாலூட்டலை நிறைவு செய்ய விரும்புவோருக்கு இரண்டு முழு ஆண்டுகள் என்று அல்குர்ஆனின் 2:233 வசனம் காலம் சொல்கிறது. முதல் ஆறு மாதம் தாய்ப்பால் மட்டும், பிறகு மற்ற உணவுகளோடு இரண்டு வயது வரையும் அதற்கு மேலும் தாய்ப்பால் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் பரிந்துரை. ஆனால் நம் பெண்களின் நிலைமை என்ன? 2017 முதல் இந்தியச் சட்டம் முதல் இரண்டு பிள்ளைகளுக்கு 26 வார விடுப்புத் தருகிறது. ஐம்பது பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் இடத்தில் குழந்தைகள் காப்பகம் இருக்க வேண்டும், தாய் நாளுக்கு நான்கு முறை அங்கே போய்வரலாம் என்றும் சொல்கிறது. சிறு பள்ளிக்கூடங்களிலும் துணிக்கடைகளிலும் வேலை பார்க்கும் பெண்களில் எத்தனை பேருக்கு இது கிடைக்கிறது என்பது நமக்குத் தெரிந்ததே. அவர்களுக்கு இரண்டு ஆண்டுகளை நிறைவு செய்யும் வழி, பாலை எடுத்து வைத்துவிட்டுப் போவதுதான். வேலைக்குப் போகாத தாய்க்கும் இது தேவைப்படும். குறைமாதத்தில் பிறந்து இன்குபேட்டரில் இருக்கும் பிள்ளைக்கு மார்பில் வாய் வைத்துக் குடிக்கும் வலு இருக்காது. தாய் எடுத்துக் கொடுக்கும் பால்தான் அதற்கு உணவு.

எடுக்கும் முன்

கீழே வரும் கணக்குகள் ஆரோக்கியமாக, நிறைமாதத்தில் பிறந்து வீட்டில் இருக்கும் பிள்ளைக்கானவை. அமெரிக்காவின் நோய்க் கட்டுப்பாட்டு மையமான சிடிசி தாய்மார்களுக்குச் சொல்லும் கணக்குகளையே பெரும்பாலும் எடுத்திருக்கிறேன். மருத்துவமனையில் இருக்கும் பிள்ளைக்கு விதிகள் இதைவிடக் கண்டிப்பானவை. அங்கே அந்த வார்டின் டாக்டரும் நர்ஸும் சொல்வதே கணக்கு.

சோப்புப் போட்டு இருபது விநாடி கை கழுவுவது முதல் வேலை. உளூ செய்த கைதானே என்று விட்டுவிட வேண்டாம். உளூ தொழுகைக்கான தூய்மை. கிருமி போக சோப்பு வேண்டும். ஒவ்வொரு தடவையும் மார்பைச் சோப்பால் கழுவ வேண்டியதில்லை, தோல் வறண்டு வெடிக்கும். தினமும் குளிப்பதே போதும்.

கையாலேயே பால் எடுக்கலாம். அதற்குச் செலவும் இல்லை, கழுவ வேண்டிய பொருளும் குறைவு. பிரசவ வார்டு நர்ஸிடம் ஒருமுறை கேட்டுப் பழகிக்கொண்டால் போதும். தினமும் பல தடவை எடுக்க வேண்டியவருக்குப் பம்ப் உதவும். பம்ப் வாங்குபவர்கள் மிகவும் அலட்சியம் காட்டுவது அதைக் கழுவுவதில்தான்.

இதில் ஒரு நிஜச் சம்பவத்தைச் சொல்ல வேண்டும். 2016இல் அமெரிக்காவின் பென்சில்வேனியா மாநிலத்தில் ஒரு குறைமாதக் குழந்தைக்கு க்ரோனோபேக்டர் என்ற கிருமியால் மூளைக் காய்ச்சல் வந்தது. இந்தக் கிருமி என்றாலே பவுடர் பாலைச் சந்தேகிப்பது வழக்கம். அந்தக் குழந்தைக்கு வந்த கிருமியோ தாயின் பம்ப் பாகங்களிலும் அவற்றைக் கழுவிய தொட்டியிலும் அதில் எடுத்த பாலிலும் இருந்தது. பாகங்கள் பல மணி நேரம் சோப்புத் தண்ணீரில் ஊறிக் கிடந்திருக்கின்றன; பிறகு தேய்க்காமல் அலசி எடுத்திருக்கிறார்கள். சோப்புத் தண்ணீரில் ஊறினால் சுத்தமாகிவிடும் என்றே நாமும் நினைப்போம். நேரம் கடந்த அந்தத் தண்ணீரில் கிருமி பெருகத்தான் செய்யும்.

அதனால் ஒவ்வொரு தடவை எடுத்ததும் பால் பட்ட பாகங்களைக் கழற்றி, ஓடும் தண்ணீரில் அலசி, அதற்கென்றே வைத்திருக்கும் தனிப் பாத்திரத்தில் சுடுநீரும் சோப்பும் இட்டு, தனி பிரஷ்ஷால் தேய்த்துக் கழுவ வேண்டும். மீன் சட்டி கழுவும் சிங்க்கில் போட்டுக் கழுவக் கூடாது. கழுவியதை அடுப்படிக் கரித்துணியால் துடைக்காமல், சுத்தமான துணியின் மேல் பரப்பிக் காற்றிலேயே உலர விட வேண்டும். பிள்ளைக்கு இரண்டு மாதம் ஆகவில்லை, அல்லது குறைமாதப் பிள்ளை, நோஞ்சான் பிள்ளை என்றால் தினமும் ஒரு தடவையாவது அந்தப் பாகங்களைக் கொதிக்கும் தண்ணீரில் ஐந்து நிமிடம் போட்டு எடுக்க வேண்டும். எதைக் கொதிக்க வைக்கலாம் என்பது பம்ப்போடு வரும் தாளில் இருக்கும். மோட்டார் பகுதியைத் தண்ணீரில் போட்டுவிடாதீர்கள்.

எதில் வைப்பது, எவ்வளவு வைப்பது

மூடியுள்ள கண்ணாடிப் பாட்டில், உணவுக்கென்றே செய்த கெட்டிப் பிளாஸ்டிக் பாட்டில், தாய்ப்பாலுக்கென்றே விற்கும் பை ஆகியவற்றில் வைக்கலாம். மளிகைக் கடைப் பாலிதீன் பை கூடாது, ஒருமுறை குடித்துவிட்டுப் போடும் தண்ணீர் பாட்டிலும் கூடாது. ஒரு பாட்டிலில் 60 முதல் 120 மில்லி வரை, அதாவது பிள்ளை ஒரு தடவையில் குடித்து முடிக்கும் அளவு மட்டும் வையுங்கள். நிறைய வைத்து மீதமானால் கொட்டத்தான் வேண்டும். தாய் கஷ்டப்பட்டு எடுத்த பாலைக் கொட்டுவது மனதுக்கு வலிக்கும். ஃபிரீசரில் வைப்பதாக இருந்தால் பாட்டிலின் மேல் விரல் அகலம் இடம் விடுங்கள், உறையும்போது பால் பருக்கும்.

புதிதாக எடுத்த இளஞ்சூட்டுப் பாலை ஏற்கெனவே குளிர்ந்திருக்கும் பாலோடு நேராக ஊற்றக் கூடாது. தனியாகக் குளிர வைத்துப் பிறகு சேர்க்கலாம். சேர்த்தால் பழைய பாலின் நேரமே அந்தப் பாட்டிலின் நேரம்.

தாளில் எழுதும் மை நனைந்தால் அழியாததாக இருக்கட்டும். மூடியில் ஒட்ட வேண்டாம். மூடிகள் மாறிவிடும், பாட்டிலின் உடலிலேயே ஒட்டுங்கள்.

எத்தனை மணி நேரம் தாங்கும்?

அப்போது எடுத்த பால் 25 டிகிரி செல்சியஸ் வரையுள்ள அறையில் நான்கு மணி நேரம் இருக்கலாம். ஃபிரிட்ஜில் 4 டிகிரியில் நான்கு நாள். மைனஸ் 18 டிகிரி அல்லது அதற்கும் கீழே உள்ள ஃபிரீசரில் ஆறு மாதத்துக்குள் பயன்படுத்துவது சிறப்பு, பன்னிரண்டு மாதம் வரை ஏற்கத்தக்கது. இதுதான் அடிப்படைக் கணக்கு. இதை நம் ஊருக்கு அப்படியே எடுத்துக்கொள்ள முடியாது.

காயல்பட்டினத்திலோ வேலூரிலோ சித்திரை வைகாசியில் எந்த வீட்டு அறை 25 டிகிரியில் இருக்கிறது? ஏசி ஓடும் அறைக்குத்தான் அந்த நான்கு மணி நேரம் பொருந்தும். மின்விசிறி மட்டும் சுற்றும் வீட்டில் எடுத்தவுடன் பிள்ளைக்குக் கொடுக்காவிட்டால், உடனே ஃபிரிட்ஜில் வைத்துவிட வேண்டும். நான்கு நாளைக்குக் கொடுக்கப் போவதில்லை என்று தெரிந்தால் அன்றே ஃபிரீசருக்கு அனுப்புங்கள். மூன்று நாள் ஃபிரிட்ஜில் வைத்துவிட்டுப் பிறகு உறைய வைப்பதில் பலன் குறைவு.

ஃபிரீசர் என்பதிலும் ஒரு விஷயம் இருக்கிறது. பல வீடுகளில் இருப்பது ஒற்றைக் கதவு ஃபிரிட்ஜ். அதன் உள்ளேயே சிறு ஐஸ் அறை. அது மைனஸ் 18 வரை போவதில்லை, கதவைத் திறக்கும்போதெல்லாம் சூடாகும். அந்த அறையில் இரண்டு வாரத்துக்கு மேல் நம்பி வைக்காதீர்கள். ஆறு மாதக் கணக்கு, தனிக் கதவுள்ள ஃபிரீசருக்கே.

ஃபிரிட்ஜின் கதவில் உள்ள தட்டு பாட்டில் வைக்க வசதிதான். ஆனால் கூட்டுக் குடும்பத்தில் அந்தக் கதவு நாளுக்கு எத்தனை தடவை திறக்கிறது என்று எண்ணிப் பாருங்கள். பால் பாட்டில்களை ஒரு மூடிய டப்பாவுக்குள் போட்டு, மேல் தட்டில் உள்பக்கமாகத் தள்ளி வையுங்கள். மசாலா தடவிய கறியும் மீனும் எப்போதும் பாலுக்குக் கீழேதான் இருக்க வேண்டும். கறியிலிருந்து வடியும் தண்ணீர் பாட்டிலின் மேல் சொட்டக் கூடாது.

ஹஜ்ஜுப் பெருநாள் நேரத்தில் இது இன்னும் முக்கியம். குர்பானி கறி வீடு தேடி வரும், அறுத்த சூடு தணியாமலே பை பையாக ஃபிரீசருக்குள் போகும். அத்தனை கறி ஒரே நேரத்தில் போனால் ஃபிரீசரின் குளிர் இறங்கிவிடும், உறைந்திருந்த பால் ஓரத்தில் இளகும். யாரோ ஒருவர் இடம் போதவில்லை என்று பால் டப்பாவை எடுத்து வெளியே வைத்துவிட்டு மறந்தும் போவார். பெருநாளுக்கு இரண்டு நாள் முன்பே பாலுக்கு ஒரு மூலையை ஒதுக்கிவிடுங்கள். கறியைப் பங்கு வைத்துக் கொடுத்து முடித்த பிறகு மிஞ்சியதை ஆறவிட்டு வைத்தால் பாலும் கெடாது, கறியும் கெடாது.

மின்சாரம் போனால் கதவைத் திறக்காதீர்கள். திறக்காத ஃபிரிட்ஜ் ஏறக்குறைய நான்கு மணி நேரம் குளிர் பிடித்து நிற்கும். நிறைந்திருக்கும் ஃபிரீசர் இரண்டு நாளும், பாதி நிறைந்தது ஒரு நாளும் தாங்கும். புயல் மழைக் காலத்தில் கடலோர ஊர்க்காரர்கள் இதை நினைவில் வைக்க வேண்டும். மின்சாரம் வந்த பிறகு பார்க்கும்போது பாலில் ஐஸ் துகள் இன்னும் இருந்தால் மறுபடி உறைய விடலாம். முழுதும் இளகி, ஆனால் குளிர்ச்சியாகவே இருந்தால் ஃபிரிட்ஜில் வைத்து ஒரு நாளுக்குள் கொடுத்துவிட வேண்டும். சூடேறிவிட்டால் கொட்டிவிடுவதே சரி.

வேலை செய்யும் இடத்தில் எடுத்த பாலை, உறைந்த ஐஸ் பாக்கெட் போட்ட குளிர்காப்புப் பையில் 24 மணி நேரம் வரை வைத்திருக்கலாம். வீட்டுக்கு வந்ததும் பையிலேயே விட்டுவிடாமல் ஃபிரிட்ஜுக்கு மாற்ற வேண்டும். தமிழகப் பேருந்து நிலையங்களில் 2015 முதல் பாலூட்டும் அறைகள் திறக்கப்பட்டிருப்பதை வெளியூர் போய் வேலை பார்க்கும் பெண்கள் பயன்படுத்திக்கொள்ளலாம். அந்த அறை பூட்டிக் கிடந்தால் நிலைய அலுவலகத்தில் கேட்டுத் திறக்கச் சொல்வதில் வெட்கப்பட ஒன்றுமில்லை.

புகட்டும்போது

பழைய தேதிப் பாலை முதலில் எடுங்கள். உறைந்த பாலை முந்தைய இரவே ஃபிரிட்ஜின் கீழ்த்தட்டுக்கு மாற்றினால் காலையில் இளகியிருக்கும். அவசரம் என்றால் பாட்டிலை வெதுவெதுப்பான தண்ணீரில் நிறுத்தலாம். அடுப்பில் நேராக வைக்கக் கூடாது, மைக்ரோவேவில் வைக்கவே கூடாது. மைக்ரோவேவ் பாலை ஒரே சீராகச் சுடாது. கையில் தொட்டால் இளஞ்சூடு, உள்ளே ஓரிடத்தில் கொதிக்கும் சூடு, பிள்ளையின் வாய் வெந்துவிடும். மணிக்கட்டின் உள்பக்கம் ஒரு சொட்டு விட்டுப் பார்த்துக் கொடுப்பது நம் பாட்டிமார்களுக்குத் தெரிந்த முறைதான். சூடு செய்துதான் ஆக வேண்டும் என்பதும் இல்லை. நிறைமாதப் பிள்ளை ஃபிரிட்ஜிலிருந்து எடுத்த பாலைக் குளிர்ச்சி தணிந்ததும் குடிக்கும்.

ஃபிரிட்ஜுக்குள்ளேயே முழுதும் இளகிய பாலை 24 மணி நேரத்துக்குள் கொடுக்க வேண்டும். வெளியே எடுத்து அறைச் சூட்டுக்கு வந்துவிட்டால், அல்லது சூடு செய்துவிட்டால் இரண்டு மணி நேரம்தான். பிள்ளை குடித்து மீதம் வைத்ததற்கும் அதே இரண்டு மணி நேரம். பிள்ளையின் எச்சில் பட்ட பாலில் கிருமி சேர்ந்திருக்கும். இளகிய பாலை மறுபடி உறைய வைக்கக் கூடாது.

எடுத்து வைத்த பால் பார்வைக்குப் பசும்பால் மாதிரி இருக்காது. மேலே கொழுப்பு தனியே திரண்டு நிற்கும், கீழே நீலம் கலந்த தண்ணீர் மாதிரி இருக்கும். "பால் திரிந்துவிட்டது" என்று மாமியார் கொட்டிவிடப் போகிறார், முன்கூட்டியே சொல்லி வையுங்கள். பாட்டிலை மெல்லச் சுழற்றினால் ஒன்றாகிவிடும். சில தாய்மார்களின் பால் உறைந்து இளகிய பிறகு சோப்பு மாதிரி வாசம் வரும். பாலில் இயற்கையாக இருக்கும் ஒரு நொதி கொழுப்பைக் கரைப்பதால் வரும் வாசம் அது, கெட்டுப்போனதன் அடையாளமில்லை. பிள்ளை குடித்தால் கொடுக்கலாம். புளித்த வாடை வந்தால் கொடுக்கக் கூடாது.

எதில் புகட்டுவது? நம் வீடுகளில் பாலாடையும் சங்கும் இருக்கின்றன. சின்னப் பிள்ளைக்குப் பாட்டிலைவிடப் பாலாடையை டாக்டர்களும் விரும்புகிறார்கள். கழுவுவது எளிது, ரப்பர் காம்பின் இடுக்கில் அழுக்குத் தங்கும் பயமில்லை, பிள்ளை தாயின் மார்பை மறக்கும் தொல்லையும் குறைவு. பிள்ளையை நிமிர்த்திப் பிடித்து, கொஞ்சம் கொஞ்சமாக, அது விழுங்கிய பிறகே அடுத்த மிடறு. பரணில் கிடந்த பாட்டி காலத்துச் சங்கை எடுத்தால் கொதிக்க வைக்காமல் பயன்படுத்தாதீர்கள்.

சில சிறு மஸ்அலாக்கள்

தாய்ப்பால் சுத்தமானது. உடையில் பட்டால் அதோடு தொழலாம். பால் எடுப்பதால் உளூ முறியாது, ஷாஃபிஈ மத்ஹபிலும் ஹனஃபி மத்ஹபிலும் அப்படித்தான். நோன்பு வைத்துக்கொண்டு பால் எடுத்தாலும் நோன்பு முறியாது. நோன்பால் தனக்கோ பிள்ளைக்கோ கெடுதி வரும் என்று பயந்தால் பாலூட்டும் தாய் நோன்பை விட்டுப் பிறகு களாச் செய்யலாம். பிள்ளைக்காக மட்டும் பயந்து விட்டிருந்தால் ஷாஃபிஈ மத்ஹபில் களாவோடு ஃபித்யாவும் உண்டு. கெட்டுப்போன பாலைச் சாக்கடையில் கொட்டினால் தாய்க்குப் பால் வற்றிவிடும் என்று சில வீடுகளில் பயப்படுகிறார்கள். மார்க்கத்தில் இதற்கு ஆதாரம் எதுவும் இல்லை.

யாருடைய பால்?

இதுவரை சொன்னது எந்தத் தாய்க்கும் பொருந்தும். நம் வீடுகளுக்கு இன்னொரு கணக்கும் உண்டு. ஒரு பெண்ணின் பாலை அவள் பெறாத பிள்ளை குடித்தால் அவள் அந்தப் பிள்ளைக்குப் பால்குடித் தாய் ஆகிறாள். அவளுடைய கணவர் பால்குடித் தகப்பன், அவளுடைய பிள்ளைகள் அனைவரும் பால்குடிச் சகோதர சகோதரிகள். அவர்களுக்குள் திருமணம் கூடாது. வாரிசுரிமை மட்டும் வராது. குடித்த பிள்ளைக்கும் அதன் சந்ததிக்கும்தான் இந்த உறவு. அந்தப் பிள்ளையின் உடன்பிறந்தவர்களுக்கு இல்லை. இதைப் பலர் தவறாக விளங்கி, குடிக்காத தம்பிக்கும் சம்பந்தம் கூடாது என்று நிறுத்திவிடுகிறார்கள்.

நபி (ஸல்) அவர்களும் ஹம்ஸா (ரலி) அவர்களும் ஸுவைபாவிடம் பால் குடித்தவர்கள். அதனால்தான் ஹம்ஸாவின் மகளை மணப்பது பற்றிய பேச்சு வந்தபோது, அவள் பால்குடிச் சகோதரரின் மகள் என்று நபி (ஸல்) மறுத்துவிட்டார்கள். உக்பா இப்னு ஹாரிஸ் (ரலி) அவர்களின் செய்தி இன்னும் கனமானது. அவர் அபூ இஹாபின் மகளை மணமுடித்தார். ஒரு பெண் வந்து, உங்கள் இருவருக்கும் நான் பால் கொடுத்திருக்கிறேன் என்றாள். அவருக்கும் தெரியாது, பெண் வீட்டாருக்கும் தெரியாது. அவர் மக்காவிலிருந்து மதீனாவுக்கு வாகனமேறிப் போய் நபி (ஸல்) அவர்களிடம் கேட்டார். கடைசியில் மனைவியைப் பிரிந்தார். ஒரு பெண்ணின் சொல் மட்டும் சட்டப்படி போதுமா, இது பேணுதலுக்காகச் சொல்லப்பட்டதா என்பதில் இமாம்களுக்கிடையே பேச்சு உண்டு. ஆனால் யாரும் குறித்து வைக்காத ஒரு பாலூட்டலால் ஒரு குடும்பம் பிரிந்தது என்பதில் பேச்சில்லை.

மார்பில் வாய் வைத்துக் குடித்தால்தானே இந்த உறவு, பாட்டிலில் குடித்தால் வராதே என்று பட்டதாரிப் பிள்ளைகள் கேட்கிறார்கள். பெரும்பான்மை இமாம்களின் சொல்படி வரும். பாலை எடுத்து வாயில் ஊற்றுவதும் பாலூட்டலே. மத்ரஸாக்களில் ஓதிக்கொடுக்கப்படும் இமாம் நவவீயின் மின்ஹாஜில் பால்குடிப் பாடத்தைப் பிரித்துப் பார்த்தால், ஃபிரிட்ஜ் இல்லாத காலத்தில் இருந்துகொண்டே நம் காலத்துக் கேள்விகளைப் பேசியிருக்கிறார்களே என்று தோன்றும். பால் கட்டியாக மாறினாலும், அதிலிருந்து வெண்ணெய் எடுக்கப்பட்டாலும் உறவு வரும். எடுத்து வைத்த பிறகு அந்தத் தாய் மவ்த்தாகி, அதன் பின் அந்தப் பாலைப் பிள்ளைக்குப் புகட்டினாலும் சரியான கருத்தின்படி உறவு வரும். ஃபிரீசரில் உறைந்து இளகிய பாலுக்குப் பதில் இதிலேயே இருக்கிறது.

எத்தனை தடவை என்பதில் மத்ஹபுகள் வேறுபடுகின்றன. ஷாஃபிஈ மத்ஹபில் இரண்டு வயதுக்குள் தனித்தனியாக ஐந்து தடவை குடித்திருக்க வேண்டும். காயல்பட்டினம், கீழக்கரை, இலங்கை வாசகர்களில் பலருக்கு இதுவே சட்டம். ஒரே தடவையில் எடுத்த பாலைப் பிரித்து ஐந்து தடவையாகப் புகட்டினால் அது ஒரு தடவையாகவே கணக்கு. ஐந்து தடவை எடுத்ததைச் சேர்த்து ஒரே தடவையில் புகட்டினாலும் ஒன்றுதான். ஆக, எப்போது எடுத்தது, எப்போது புகட்டியது என்ற இரண்டும் தெரிந்தால்தான் ஆலிமால் பதில் சொல்ல முடியும். பாட்டிலின் மேல் டாக்டருக்காக எழுதும் அதே நேரக் குறிப்பு இங்கேயும் தேவைப்படுகிறது. ஹனஃபி மத்ஹபில் ஐந்து என்ற எண்ணிக்கை இல்லை. ஒரு தடவை, கொஞ்சமே வயிற்றுக்குள் போனாலும் உறவு வந்துவிடும். காலம் இமாம் அபூஹனீஃபாவிடம் இரண்டரை ஆண்டு, அவருடைய இரு மாணவர்களிடம் இரண்டு ஆண்டு. இரண்டு பெண்களின் பால் கலந்துவிட்டால் இருவரோடும் உறவு வரும் என்பது இமாம் முஹம்மதின் சொல், பேணுதலுக்கு அதுவே ஏற்றது.

ராத்தாவும் தங்கையும் ஒரே நேரத்தில் பிள்ளை பெற்று உம்மா வீட்டில் இருப்பது நம்மிடையே சாதாரணம். மாமி மகள், சாச்சி மகன் என்று சொந்தத்திலேயே சம்பந்தம் முடிப்பதும் சாதாரணம். ஒரே ஃபிரிட்ஜில் பெயரில்லாத இரண்டு பாட்டில்கள் இருந்து, அரைத் தூக்கத்தில் பெத்தும்மா ஒன்றை எடுத்துப் புகட்டினால், நாளை அந்த இரு பிள்ளைகளுக்கிடையே பேச வேண்டிய சம்பந்தம் இல்லாமல் போகலாம். இரண்டு தாய்களின் பாட்டிலுக்கும் இரண்டு நிற மூடி, இரண்டு தனி டப்பா வைத்துவிடுங்கள். மாறிப் புகட்டிவிட்டால் யார் மேலும் கோபப்படாமல் அன்றைக்கே தேதி, அளவு, எத்தனையாவது தடவை என்று எழுதி வைத்து, உங்கள் மத்ஹபு அறிந்த ஆலிமிடம் கேளுங்கள். குடித்ததா இல்லையா, ஐந்து ஆயிற்றா இல்லையா என்று சந்தேகம் மட்டும் இருந்தால் சட்டப்படி உறவு நிலைபெறாது. பேணுதலாக ஒதுங்கிக்கொள்வது வேறு.

தெரிந்தே சகோதரிக்காகப் பால் கொடுப்பதானால் டாக்டரிடமும் ஒரு வார்த்தை கேட்க வேண்டும். ஹெச்.ஐ.வி. போன்ற சில தொற்றுகளும் சில மருந்துகளும் பால் வழியாகப் பிள்ளைக்குப் போகும்.

மருத்துவமனையில் பால் வங்கி என்று சொன்னால்

குறைமாதப் பிள்ளையின் தாய்க்குப் பால் ஊறத் தாமதமானால், சில மருத்துவமனைகளில் வேறு தாய்மார்கள் தானமாகக் கொடுத்த பாலைத் தருகிறார்கள். இந்தியாவில் முதல் தாய்ப்பால் வங்கி 1989இல் மும்பை சயான் மருத்துவமனையில் தொடங்கியது. தமிழகத்தின் பெரிய அரசு மருத்துவமனைகள் சிலவற்றிலும் இப்போது உண்டு. தானம் தருபவர்களின் இரத்தத்தைப் பரிசோதித்து, பாலை 62.5 டிகிரியில் அரை மணி நேரம் சூடாக்கி உறைய வைக்கிறார்கள். மிகச் சிறிய குறைமாதப் பிள்ளைக்கு, பவுடர் பாலைவிட இந்தப் பாலால் குடல் அழுகும் கொடிய நோய் குறைகிறது. விலைக்கு விற்கும் பால் வேறு. தாய்ப்பாலை விற்பதற்கு அனுமதியில்லை என்று இந்திய உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2024 மே மாதம் தெளிவாக அறிவித்திருக்கிறது. இணையத்தில் விற்கும் பால் பொடி, பால் பாக்கெட் பக்கம் போகாதீர்கள்.

உலமாக்களின் நிலை ஒன்றல்ல. ஜித்தாவின் சர்வதேச ஃபிக்ஹு அகாடமி 1985 டிசம்பரில், யார் பால் யாருக்குப் போனது என்பது தெரியாமல் போவதால் முஸ்லிம் நாடுகளில் பால் வங்கிகள் கூடாது என்று முடிவு செய்தது. ஷைக் யூஸுஃப் அல்கர்ளாவி, மார்பில் குடிப்பதே பாலூட்டல், சந்தேகத்தால் உறவு நிலைபெறாது என்ற அடிப்படையில் அனுமதித்தார். 2024 ஜூன் மாதம் கராச்சியில் ஒரு வங்கி திறக்கப்பட்டது. நிபந்தனைகளோடு முதலில் அனுமதி தந்த தாருல் உலூம் கராச்சி தன் ஃபத்வாவை மாற்றியதும் அது நிறுத்தி வைக்கப்பட்டது.

என் கருத்தைக் கேட்டால், பிள்ளையின் உயிர் முதலில். டாக்டர் இந்தப் பால் இல்லாமல் ஆபத்து என்று சொல்லும்போது, வாசலில் நின்று மத்ஹபு விவாதம் நடத்துவது சரியில்லை. ஆனால் மூன்று விஷயங்களைக் கேட்க நேரம் இருக்கும். தாயின் சொந்தப் பாலை எடுக்க நர்ஸ் உதவுவாரா? முதல் நாட்களில் சில சொட்டு சீம்பால் வந்தாலும் அது பிள்ளைக்குப் போதுமானதாக இருக்கலாம். முடியாவிட்டால், பலருடைய பால் கலக்காத, ஒரே தாயின் பால் கிடைக்குமா? அந்தத் தாயின் பெயரைத் தருவார்களா? பெயரை வெளியிட மாட்டோம் என்பது பெரும்பாலும் வங்கிகளின் விதி. அப்படியானால் பிள்ளையின் வாப்பா ஒரு வேண்டுகோள் எழுதிக் கொடுத்து, தானம் தந்த தாயின் சம்மதத்தோடு இரு குடும்பமும் பெயர் பரிமாறிக்கொள்ள வழியுண்டா என்று கேட்கலாம். அதே வார்டில் உள்ள, பரிசோதிக்கப்பட்ட ஒரு தாய் நேரடியாகத் தர முன்வந்தால் அதையும் டாக்டரிடம் கேட்டுப் பார்க்கலாம்.

கிடைக்கும் விவரத்தை, அதாவது தாயின் பெயர், அவருடைய கணவர் பெயர், ஊர், எந்தத் தேதி முதல் எந்தத் தேதி வரை, எத்தனை தடவை என்பதை ஒரு தாளில் எழுதி இரு வீட்டாரும் கையெழுத்திட்டுக்கொள்ளுங்கள். ஒரு பிரதி பிள்ளையின் பிறப்புச் சான்றிதழோடு இருக்கட்டும், இன்னொன்றை மஹல்லா ஜமாஅத் அலுவலகத்தில் கொடுத்து நிக்காஹ் பதிவேடு இருக்கும் அலமாரியில் வைக்கச் சொல்லுங்கள்.